பின்சீட்டில் அம்மா, டிக்கியில் சாம்பிள் கட்டு: எந்தச் சின்ன சொகுசு கார்?

கேள்வி: ஈரோட்டில் போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்கிறேன். பத்து வருடம் ஓட்டிய செடானைக் கொடுத்துவிட்டு முதல்முறையாக ஒரு ஜெர்மன் கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஆன்-ரோடு 65 லட்சம் வரை போகலாம். மாதம் 2,000 கி.மீ. ஓடும். வாரம் ஒருமுறை கோவை, மாதம் ஒருமுறை சென்னை, மற்றபடி ஊருக்குள். 72 வயது அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அவர் எப்போதும் பின்சீட்டில்தான். டிக்கியில் சாம்பிள் கட்டு இரண்டு இருக்கும். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ., ஆடி க்யூ3 மூன்றையும் பார்த்தோம். மகள் க்யூ3 என்கிறாள், எனக்கு மெர்சிடிஸ் மேல் ஆசை. ஏ கிளாஸ், 2 சீரிஸ் போன்ற செடான் எடுத்தால் விலை குறையுமே என்றும் தோன்றுகிறது. மூன்று கம்பெனிக்கும் சர்வீஸ் கோவையில்தான். பெட்ரோலா, டீசலா, எலெக்ட்ரிக்கா என்பதிலும் வீட்டில் சண்டை. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டீசல் எக்ஸ்1. அந்த முடிவை மாற்றக்கூடிய விஷயங்கள் முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று அம்மாவின் முழங்கால், இன்னொன்று உங்கள் சென்னைப் பயணம். அவற்றுக்கு வருவதற்கு முன் 65 லட்சம் என்ற கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். வீட்டுச் சண்டையில் பாதி அதிலேயே தீரும்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம். 2023 நவம்பரில் வந்த திருத்தம் இது. 15 சதவீதம் கட்டிய பழைய ஞாபகத்தில் இன்னும் பலர் கணக்குப் போடுகிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார் என்பதால் டீலர் 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் டெலிவரி அன்று கையிலிருந்து போகிற பணம்தான். இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்த்து இன்னும் 4 சதவீதம் என்று வையுங்கள். ஆக ஷோரூம் விலையை 1.25-ஆல் பெருக்கினால் ஆன்-ரோடு விலை ஏறக்குறைய வந்துவிடும். உங்கள் 65 லட்சத்தைத் திருப்பி வகுத்தால் 52 லட்சம். இதில் சாலை வரி மட்டுமே 10.40 லட்சம். ஷோரூம் விலை 52 லட்சத்தைத் தாண்டிய எதையும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், டெஸ்ட் டிரைவ் எடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்த பிறகு மனசு கணக்குக் கேட்காது.

இணையத்தில் பழைய விலைகளைப் பார்த்தால் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த ரகக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 45-லிருந்து 50 சதவீதம் வரை இருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் 40 சதவீதம், செஸ் கிடையாது. எஞ்சின் பெரிதாக இருந்த கார்களுக்குக் குறைப்பு அதிகம், 1.5 லிட்டருக்கு உட்பட்டவற்றுக்குக் கொஞ்சம் குறைவு. வியாபாரத்தின் பெயரில் வாங்கி இந்த 40 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்த உபயோகக் காருக்கு அது கிடைக்காது. தேய்மானமாக வருடம் 15 சதவீதம் காட்டலாம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி.

இனி செடான். ஏ கிளாஸ் லிமோசின், 2 சீரிஸ் கிரான் கூப்பே இரண்டும் நல்ல கார்கள்தான், உங்கள் வீட்டுக்கு அல்ல. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் காருக்குள் உட்கார்ந்திருப்பது பெரிய கஷ்டம் இல்லை. உட்காரப் போகும் கடைசி அரையடியும் எழும் முதல் அரையடியும்தான் உயிரை எடுக்கும். சீட் முழங்காலைவிடத் தாழ்வாக இருந்தால் உடம்பின் மொத்த எடையையும் மடங்கிய மூட்டு தாங்கியாக வேண்டும். கூரை பின்னால் சரியும் செடானில் தலையையும் குனிய வேண்டும், அப்போது எடை இன்னும் முன்னால் சாய்கிறது.

ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் வீட்டில் அம்மா எந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரோ அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் காரின் பின்சீட்டு விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். கார் சீட் நாற்காலியை ஒட்டியோ, இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாகவோ இருந்தால் உத்தமம். ரொம்ப உயரமானாலும் வம்புதான், கால் தரையில் படாமல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். அடுத்து, கதவைத் திறந்ததும் கீழே தெரியும் விளிம்பின் அகலத்தைப் பாருங்கள். அது அகலமாக இருந்து, கதவு அதை மூடாத வடிவமாகவும் இருந்தால், மழைக்காலத்தில் சேறு முழுக்க அங்கேதான் படியும். அம்மா இறங்கும்போது புடவையின் பின்பக்கம் அதைத் துடைத்துக்கொண்டு வரும். விற்பனைப் பிரதிநிதி காட்டாத விஷயம், மாதம் இரண்டு தடவை வீட்டில் பேச்சாகும் விஷயம். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, மேலே பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா என்பதையும் அம்மாவையே உட்காரவைத்துப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது. இரண்டு தடவை அல்ல, ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்தாவது தடவை அவர் முகம் சொல்லிவிடும்.

உங்கள் மூன்று கார்களில் க்யூ3-இன் பின்சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்மானத்தையும் மாற்றலாம். டிக்கி 530 லிட்டர். ஆக இட விஷயத்தில் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 190 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் இழுவை, நான்கு சக்கர ஓட்டம். நூறு கி.மீ. வேகத்தை 7.3 விநாடியில் தொடும். மூன்றில் ஓட்டுவதற்கு ருசியான கார் இதுதான். இடிப்பது இரண்டு இடத்தில். டீசல் கிடையாது. இன்னொன்று, இப்போது இங்கே விற்கும் தலைமுறை 2022 ஆகஸ்டில் வந்தது, 2025-இல் உலக அளவில் அடுத்த தலைமுறையை ஆடி காட்டிவிட்டது. ஐந்து வருடம் கழித்து விற்கும்போது உங்கள் கார் ஒரு தலைமுறைப் பழசாகத் தெரியும். க்யூ3 எடுப்பதானால் இந்தக் காரணத்தைச் சொல்லியே தள்ளுபடி கேளுங்கள். கேட்க வேண்டிய தொகை ஆயிரங்களில் அல்ல.

நான்கு சக்கர ஓட்டத்துக்காகவே க்யூ3 என்றால், தேவையில்லை. ஈரோடு, கோவை, சென்னைத் தார்ச்சாலையில் அது கூடுதல் எடை, கூடுதல் பெட்ரோல். மழையில் ஏற்காடு ஏறுவதற்கு நல்ல டயர் போட்ட முன்சக்கர ஓட்டக் கார் தாராளமாகப் போதும்.

ஜி.எல்.ஏ. வெளியே 4.4 மீட்டர்தான், ஆனால் இரு அச்சுக்கு நடுவே 2,729 மி.மீ. அதனால் பின்னால் கால் நீட்ட இடம் குறைவில்லை. அடிபடுவது டிக்கி, 430 லிட்டரை ஒட்டித்தான். உங்கள் சாம்பிள் கட்டு ஒன்று 60-க்கு 45-க்கு 40 செ.மீ. என்று வைத்தால் 108 லிட்டர். இரண்டு கட்டு வைத்த பிறகு நாலு பேர் துணிப்பை நுழைக்க ஜி.எல்.ஏ.வில் இடுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். எக்ஸ்1 டீசலின் 476 லிட்டரில் அந்தத் தொல்லை கொஞ்சம் குறையும். லிட்டர் கணக்கைவிட டிக்கி வாயின் அகலம் முக்கியம், ஆகவே ஒரு கட்டைக் கையோடு எடுத்துப் போய் வைத்தே பாருங்கள். ஷோரூமில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மெர்சிடிஸில் உங்கள் தொகைக்குள் நிம்மதியாக வருவது ஜி.எல்.ஏ. 200. 1.3 லிட்டர் பெட்ரோல், 163 குதிரைத்திறன். ஊருக்குள் அருமையாகப் போகும். டீசலான 220டி-யின் 190 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டரும் இந்தக் கூட்டத்திலேயே பெரிய இழுவை. ஆனால் அதன் ஏ.எம்.ஜி. லைன் 2024 ஜனவரியிலேயே 56.90 லட்சத்துக்கு வந்தது. வரி குறைந்த பிறகும் உங்கள் 52 லட்சக் கோட்டின் மேல்தான் நிற்கும். டீலர் தள்ளுபடி அதைக் கோட்டுக்கு உள்ளே இழுத்துவந்தால், உங்கள் ஆசையும் டீசலும் ஒன்றாகக் கிடைக்கும். அப்போது எக்ஸ்1 எடுக்கச் சொல்லி வற்புறுத்த என்னிடம் காரணம் அதிகம் இருக்காது, டிக்கி ஒன்றைத் தவிர.

எக்ஸ்1 செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் கோக்கப்படும் கார். இப்போதைய வடிவம் 2023 ஜனவரியில் வந்தது. பெட்ரோலில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 136 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். டீசலில் 2.0 லிட்டர், நாலு சிலிண்டர், 150 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். நூறைத் தொடும் நேரம் பார்த்தால் 9.2 விநாடி, 8.9 விநாடி, பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தெரியும் இடம் வேறு. சேலம் தாண்டி ஆத்தூர், கள்ளக்குறிச்சி புறவழிச்சாலைகள் நீண்ட காலம் இருவழியாகவே இருந்தவை என்பது உங்களுக்கே தெரியும். ஐந்து பேர், முழு ஏ.சி., டிக்கியில் கட்டு, முன்னால் 60-இல் போகும் டேங்கர் லாரி. பெட்ரோல் வண்டியில் காலை அழுத்தினால் கியர் இரண்டு இறங்கி, எஞ்சின் கத்தி, பிறகுதான் கார் கிளம்பும். டீசலில் கியர் ஒன்று இறங்கினால் போதும். எதிர்ச்சாரியில் பஸ் வரும் சாலையில் அந்த ஒரு விநாடிக்கு விலை உண்டு. டெஸ்ட் டிரைவில் தனியாக ஓட்டாமல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 60-லிருந்து 100-க்கு அழுத்திப் பாருங்கள். மூன்று சிலிண்டரின் அதிர்வு பிடிக்கிறதா என்பதை சிக்னலில் பிரேக் மிதித்தபடி நிற்கும்போது ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

எரிபொருள் கணக்கு: வருடம் 24,000 கி.மீ. பெட்ரோல் 11, டீசல் 15 கி.மீ. கொடுக்கும் என்று வைப்போம். கம்பெனி சொல்லும் மைலேஜ் அல்ல, ஊரும் ஹைவேயும் கலந்து கையில் நிற்கும் மைலேஜ். லிட்டர் 101, 93 ரூபாய் என்றால் பெட்ரோலுக்கு 2.20 லட்சம், டீசலுக்கு 1.49 லட்சம். வருடத்துக்கு 71,000 சொச்சம் மிச்சம். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இதால் வகுத்தால் எத்தனை வருடத்தில் கைக்கு வரும் என்று தெரிந்துவிடும்.

டீசலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, டி.பி.எஃப்., நிரம்பியதும் தானே சூடேறி அந்தக் கரியை எரிக்கும். அதற்கு ஓரளவு சீரான வேகத்தில் பத்திருபது நிமிட ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு 3 கி.மீ., கடையிலிருந்து வீட்டுக்கு 3 கி.மீ. என்று மட்டும் ஓடும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்று நின்று, கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்காது. அப்படியும் ஓட்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும், அது சின்னச் செலவு இல்லை. வாரா வாரம் கோவை போகும் உங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது, அதனால்தான் டீசல் என்கிறேன். கோவைப் பயணம் நின்றுபோனால் என் பதிலும் மாறும். டீசல் புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ திரவத்துக்குத் தனி டேங்க் இருக்கும். எச்சரிக்கை வந்தபின் காட்டும் கி.மீ. முடிவதற்குள் ஊற்ற வேண்டும். தீரவிட்டு எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அந்தத் துவாரத்தில் டீசலோ, டீசல் துவாரத்தில் ஆட்புளூவோ போய்விட்டால் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் எடுப்பதானால் டேங்க் மூடியின் உட்புற ஸ்டிக்கரைப் படியுங்கள், எந்த ஆக்டேன், எத்தனை சதவீத எத்தனால் வரை என்று போட்டிருக்கும். இன்று பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது.

மூன்றிலும் இருப்பது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். கிளட்ச்சைக் கொல்வது வேகம் அல்ல, நகர்ந்தும் நகராமலும் ஊர்வதுதான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், பிரேக்கில் நிறுத்துங்கள். பன்னீர்செல்வம் பார்க் நெரிசலில் முன்வண்டியோடு ஒட்டி ஊராமல், ஒரு கார் நீளம் இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

எலெக்ட்ரிக் கேட்டிருந்தீர்கள். ஐ.எக்ஸ்.1 நீள வீல்பேஸ் வண்டி 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்தது. எக்ஸ்1-இன் 2,692 மி.மீ. இதில் 2,800 மி.மீ., அதாவது கூடுதல் 108 மி.மீ.யும் பின்சீட்டுக்கே. பேட்டரி 66.4 கிலோவாட் மணி. சான்றிதழில் 531 கி.மீ. என்று இருக்கும், ஹைவேயில் 100-இல் ஏ.சி.யோடு போனால் 400-ஐ நம்பித் திட்டமிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து சென்னை ஏறக்குறைய அதே 400. ஆக வழியில் ஒரு சார்ஜ் கட்டாயம். சார்ஜர் வேலை செய்யாவிட்டால் இரண்டாவது இடமும் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவோடு போகும்போது அந்த இடத்தில் சுத்தமான கழிப்பறை உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செலவில் இதை எதுவும் நெருங்க முடியாது. 100 கி.மீ.க்கு 17 யூனிட், சார்ஜ் ஏற்றும்போது 10 சதவீத இழப்பு, யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் வருடம் முழுக்க வீட்டிலேயே ஏற்றினால் 45,000-க்குள். வெளிச் சார்ஜரில் யூனிட் விலை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் போகும். தமிழ்நாடு அரசு மின்காருக்குச் சாலை வரி விலக்கைக் கால வரையறையோடு அரசாணை போட்டு நீட்டித்து வந்திருக்கிறது. நீங்கள் பதியும் நாளில் அது நடப்பில் இருந்தால் 49 லட்சத்துக்கு 9.80 லட்சம் மிச்சம். புக்கிங் நாள் அல்ல, பதிவு நாள்தான் கணக்கு.

வீட்டில் 11 கிலோவாட் வால்பாக்ஸ் போட மூன்று ஃபேஸ் இணைப்பும், மின்வாரியத்திடம் அனுமதித்த சுமையை உயர்த்தி வாங்குவதும் தேவை. இரவு ஆறேழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மின்காரில் பேட்டரி காலுக்குக் கீழே இருப்பதால் தரை உயர்ந்து, பின்சீட்டில் முழங்கால் மேலே தூக்கியபடி உட்கார வைக்கக்கூடும். கால் நீட்ட இடம் இருப்பதும் தொடைக்குத் தாங்கல் கிடைப்பதும் வேறு வேறு. அம்மா இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். அவருக்கு ஒத்துவந்து, சென்னைக்கு நீங்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய்வரும் ஆளாக இருந்தால், டீசலை மறந்துவிட்டு இதை எடுங்கள்.

எந்தக் கார் ஆனாலும் சக்கரத்தில் ஏமாறாதீர்கள். 225/55 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 124 மி.மீ. உயரம். 245/45 ஆர்19 என்றால் 110 மி.மீ. அந்த 14 மி.மீ. ரப்பர்தான் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மெத்தை. 19 இஞ்ச் ஷோரூம் வெளிச்சத்தில் அழகு. இரவு 80-இல் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளைந்து, டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீக்கம் வரும். வீங்கிய டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். 18 இஞ்ச் கிடைக்கும் வேரியண்ட்டையே கேளுங்கள். டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பஞ்சர் கிட் மட்டும் கொடுக்க 2020 முதல் சட்டத்தில் இடம் உண்டு. ரன்-ஃபிளாட் டயர் என்றால் காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். ஈரோட்டுக் கடைகளில் உடனே கிடைக்கும் என்று நம்பாதீர்கள், சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

வாரண்டியில் மெர்சிடிஸ் 3 வருடம், பி.எம்.டபிள்யூ. 2 வருடம், இரண்டும் கி.மீ. வரம்பில்லாமல். அதற்கு மேல் ஐந்து வருடம் வரை நீட்டிப்பை முதல் நாளே வாங்கிவிடுங்கள். இந்தக் கார்களில் எஞ்சின் போவது அபூர்வம். கூலன்ட் போகும் பிளாஸ்டிக் இணைப்புகள், தெர்மோஸ்டாட், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெகட்ரானிக் யூனிட், எஞ்சின் மவுண்ட், கீழ்க்கை புஷ் இவைதான் நாலு ஐந்து வருடத்தில் பில் எழுதும். அவற்றில் எது எது நீட்டித்த வாரண்டியில் சேராது என்று எழுத்தில் கேளுங்கள். புஷ், பிரேக், வைப்பர் பொதுவாகச் சேராது. சர்வீஸ் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 15,000 கி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு ஏழரை மாதத்தில் ஒன்று வரும். ஆகவே பேக்கேஜ் வாங்கும்போது வருடக் கணக்கைப் பார்க்காமல் கி.மீ. கணக்கைப் பாருங்கள். “5 வருட பேக்கேஜ்” உங்களுக்கு மூன்று வருடம் தாண்டியதும் தீர்ந்துவிடும்.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் உதிரிபாக விலையைத் தருவது), எஞ்சின் பாதுகாப்பு, நுகர்பொருள் (எண்ணெய், போல்ட் போன்றவை), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதும் போனால் பில் விலையைத் தருவது) நான்கும் வேண்டும். எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருந்தாலும், தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காமல் கனெக்டிங் ராட் வளையும், கிளெய்மும் இழுபறியாகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நிறையக் கார்கள் இப்படித்தான் போயின. எலி கடித்த ஒயருக்கு பாலிசியில் இடம் உண்டா என்றும் கேளுங்கள். துணி குடோன் பக்கத்தில் நிறுத்தும் காருக்கு இது விளையாட்டு இல்லை. ஹெட்லைட் ஒன்றே லட்சத்தைத் தாண்டும். முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவைத் திரும்ப அளவு பொருத்த வேண்டும். பாலிசியில் அந்த வேலைக்கான கூலியும் சேருகிறதா பாருங்கள்.

டெலிவரிக்கு முன் பார்ப்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். நம்பர் விழுந்த பிறகு டீலர் காரை மாற்றித் தர மாட்டார். சேசிஸ் நம்பரைத் தகட்டிலும் புரோஃபார்மாவிலும் ஒப்பிடுங்கள். தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். ஜனவரியில் வாங்கும் கார் போன வருடத் தயாரிப்பாக இருந்தால், விற்கும்போது ஒரு வயசு கூடிப் போகும். நாலு டயரிலும் நாலு இலக்க எண் இருக்கும். 3525 என்றால் 2025-இன் 35-வது வாரம். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காரை நிழலில் பார்க்காமல் காலை வெயிலில் பாருங்கள், திரும்பப் பெயின்ட் அடித்த பம்பர் நிறம் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

கடைசியாக ஒன்று, புரோஃபார்மா எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியது. பத்து வருடம் ஓட்டிய பழைய காரில் கிளெய்ம் எடுக்காமல் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் சேர்த்திருப்பீர்கள். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்று, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்.சி.பி. தக்கவைப்புக் கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் புதுக் காரில் போட்டுக்கொள்ளலாம். 50 லட்சக் காரின் சொந்தச் சேத பிரீமியத்தில் பாதி குறைவது நல்ல தொகை. ஆனால் பழைய ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்து, புதுக் காரைக் கம்பெனி பெயரில் எடுத்தால் அந்தப் போனஸ் வராது. 15 சதவீதத் தேய்மானம் லாபமா, பாதிப் பிரீமியம் லாபமா என்று ஆடிட்டரிடம் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.